மலர் பொறுப்பெடுத்த வெள்ளைக் கிளி

மவுண்ட் ஆல்பர்ட்,
ஓக்லாந்து,
நியூசிலாந்து.
20.9.1987, ஞாயிற்றுக்கிழமை

அன்பின் ரதிக்கு,

உமது கையெழுத்தைக் கண்ட பிறகுதான் இந்த மாதம் ஒழுங்காக மூச்சு விட்டேன். நாங்கள் இருவரும் சுகம். நீர் சுகமென்று எழுதியிருந்த வரியை மலர் இரண்டு தரம் உரத்து வாசித்தாள்.

ஆவணி இருபத்து நான்காம் திகதி நீர் போட்ட கடிதம் போன புதன்கிழமை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் றோட்டுகள் திறந்துவிட்டன, பள்ளிக்கூடம் முழுநேரம் நடக்கிறது, கொழும்பு ரயில் ஓடப்போகிறது என்றெல்லாம் எழுதியிருந்தீர். உம்மை உப அதிபராக்கியதை வாசித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை. மாசியில் மாமாவின் முதலாம் வருட ஆட்டத் திவசம் வருகிறது, அதற்கு முன்னம் தைப்பொங்கலுக்கே நாங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், மலருக்கு உமது பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தீர். அதற்கு நான் பதில் எழுதத்தான் வேண்டும். ஆனால் முதலில் மலரைப் பற்றி எழுதுகிறேன். அதை வாசிக்காமல் என் பதிலை வாசித்தால் உமக்கு என்மேல் கோபம் மட்டும்தான் வரும்.

மலர் உமக்கு எழுதிய கடிதத்தில் ‘பக்கத்து வீட்டுக் கிளிக்குச் சாப்பாடு வைக்கிறேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். கிளியை விட்டுவிட்டுப் படிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கோ என்று நீரும் எனக்கு எழுதினீர். பிழை உம்முடையது அல்ல. அவள் தன்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிற பிள்ளை இல்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

போன வருடம் கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அடுத்த வீட்டுக் கிளி விடாமல் கத்தியது. ஏதோ சரியில்லை என்று மலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறாள். மிஸ்டர் பேர்க்கின்ஸ் குசினி வாசலில் விழுந்து கிடந்தார். எழுபத்தேழு வயது. ரயில்வேயில் கார்ட்டாக இருந்து இளைப்பாறியவர், மனைவியும் இல்லை. பாரிசவாதம். மலர்தான் ஓடிவந்து அம்புலன்சுக்கு ரெலிபோன் பண்ணினாள். அவரைத் தூக்கி ஏற்றும்போது, வாய் ஒரு பக்கம் கோணிப்போன நிலையிலும், அவர் இவளைப் பார்த்து “பேர்ட்டி, பேர்ட்டி” என்றார். அதுதான் கிளியின் பெயர். நான் பார்த்துக்கொள்ளுறன், நீங்கள் யோசிக்காமல் போங்கோ என்று மலர் ஆங்கிலத்தில் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பேர்ட்டி என்றதும் எங்களூர்ப் பச்சைக் கிளியை நினைக்க வேண்டாம். ஒரு கோழி அளவு வெள்ளைக் கிளி. அவுஸ்திரேலியக் காட்டுச் சாதி, கொக்கட்டூ என்று சொல்வார்கள். தலையில் மஞ்சள் கொண்டை, கோபம் வந்தால் விசிறி மாதிரி விரியும். சொண்டு பாக்குவெட்டிதான். கத்தினால் ரயில் நிலையம் வரை கேட்கும்.

அன்று பின்னேரம் நான் மலரை ஏசினேன். நாங்களே வாடகை வீட்டில் ஒண்டிக்கொண்டு இருக்கிறம், நீ எதுக்கு ஊரார் வீட்டுக் கிளியைப் பொறுப்பெடுக்கிறாய் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. “நான் ஓம் எண்டு சொல்லிட்டன் அப்பா. அதைக் கேட்டிட்டுத்தான் அவர் அம்புலன்சிலை நிம்மதியாப் படுத்தவர்” என்றாள்.

நாலு நாள் என்று நினைத்தோம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பாபகூராவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். வலது பக்கம் வழங்கவில்லை. நாலு நாள் எட்டு மாதமானது.

ரதி, அந்தப் பறவையை முதலில் பார்த்தபோது எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. நெஞ்சில் ஒரு இறகு இல்லை. தானே பிடுங்கிப் போட்டிருந்தது. சமைக்க வைத்த கோழி மாதிரித் தோல் தெரிந்தது. இரண்டாம் கிழமை அது மலரின் பெருவிரலைக் கடித்துவிட்டது. மூன்று தையல் போட்டார்கள். உமக்கு எழுதவில்லை, மன்னியும். பிள்ளையை முழுசாக உம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னேன். அடுத்த நாள் காலை ஆறரை மணிக்கு யன்னலால் பார்த்தால், துணி சுற்றிய கையோடு வேலி ஓரமாக நடந்து போகிறாள். குளிருக்கு நான் போடுகிற தோல் கையுறையைக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். கையுறையைக் கண்டுதான் அது பயப்படுகுது அப்பா, பயத்திலைதான் கடிக்குது என்றாள்.

பிறகு நூலகத்திலிருந்து பறவைப் புத்தகங்கள் வரத் தொடங்கின. எங்கள் பகுதியில் ஒரு பெண் மிருக வைத்தியர் இருக்கிறார். மலர் தானாகவே பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டிருக்கிறாள். மிஸ்டர் பேர்க்கின்ஸ் அன்பான மனிதர், ஆனால் கிளிக்கு முப்பது வருடமாகச் சூரியகாந்தி விதையும் பிஸ்கற்றும் சீனி போட்ட தேத்தண்ணியும்தான் கொடுத்திருக்கிறார். மலர் அதை மாற்ற நினைத்தாள். கரட், சோளம், சில்வர்பீட் கீரை, அவித்த பயறு. பேர்ட்டி எல்லாவற்றையும் கிண்ணத்தோடு கவிழ்த்தது. மூன்று நாள் கிட்டத்தட்டப் பட்டினி. நான் மா நிறுக்கிற தராசில் அதை ஏறவைத்து நிறுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறை ஒரு அளவுக்குக் கீழே போனால் பழைய சாப்பாட்டையே கொடுக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிருந்தாராம். நாலாம் நாள் அது ஒரு சோள முத்தை எடுத்து எறிந்தது. எறிந்துவிட்டு மெல்ல இறங்கிப் போய், ஆரும் பார்க்கவில்லை என்ற எண்ணத்தில், எடுத்துத் தின்றது. மலர் ஓடிவந்து எனக்குச் சொன்ன விதத்தைப் பார்த்தால் சோதனையில் முதலாவதாக வந்தவள் மாதிரி இருந்தது.

அவகாடோப் பழம் கிளிக்கு நஞ்சு என்பது உமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. எங்கள் வளவில் ஒரு மரம் நிற்கிறது. பழத்தை வெட்டிய கையை நான் கழுவினேனா என்று இவள் மணந்து பார்த்துவிட்டுத்தான் கூட்டுக்குக் கிட்ட விடுவாள். செத்தல் மிளகாய் வறுக்கும்போது குசினிக் கதவை அடைக்க வேண்டும். இப்படி எங்கள் வீட்டில் இப்போது நிறையச் சட்டங்கள். ஏனென்றால் பங்குனி மாதம் அவள் பேர்ட்டியைக் கூட்டோடு எங்கள் பின் விறாந்தைக்கே கொண்டுவந்துவிட்டாள். வெற்று வீட்டில் தனியே கிடந்தால் அதுக்கு மனம் உடைஞ்சு போகும், இந்தச் சாதி கூட்டமாக வாழ்கிற சாதி என்று சொன்னாள். ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலமாவது ஆராவது அதோடு இருக்கவேண்டுமாம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அரை மணி என்னுடையது. நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு “அப்பனே முருகா” என்று இருப்பேன் அல்லவா? ஒரு நாள் நான் வாய் திறக்க முன்னமே விறாந்தையிலிருந்து “முருகா” என்று என் குரலிலேயே கேட்டது. மலர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

வைகாசியில் நெஞ்சில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி முளைத்தது. ஆனி முடியும்போது இறகு மூடிவிட்டது. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி மீண்ட பறவையைத் தான் கண்டதில்லை என்று சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, மலரிடம் சொன்னார். என்னைப் பார்த்து, உங்களுடைய மகள் சனிக்கிழமைகளில் என்னோடு வந்து உதவி செய்வாளா என்று கேட்டார்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது, உமக்கும் தெரிய வேண்டும். வெள்ளவத்தையில் அந்த எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், நீர் மாமாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், நானும் இவளும் மூன்று நாள் பக்கத்து வீட்டுச் சாமான் அறையில் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். அப்போது அவளுக்குப் பத்து வயது. இங்கே வந்த பிறகும் காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்தினால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். பள்ளிக்கூடத்திலும் ஒரு தடவை அப்படி நடந்து என்னைக் கூப்பிட்டார்கள். நீர் கவலைப்படுவீர் என்று நான் எழுதவில்லை. அந்தப் பிள்ளைதான் இன்று கிளியின் கூச்சலுக்கு நடுவே, காதைக்கூடப் பொத்தாமல் நின்று, “சரி, சரி, இப்ப என்ன நடந்து போச்சு?” என்று ஒரு பறவையைச் சமாதானப்படுத்துகிறாள். மேசைக்குக் கீழே போய்ப் பல மாதமாகிவிட்டது.

ஆடி மாதக் கடைசியில் மிஸ்டர் பேர்க்கின்ஸின் மகன் கிறஹாம் வெலிங்டனிலிருந்து வந்தார். வீட்டை விற்க வேண்டும். கிளியை ஊசி போட்டு முடிக்கச் செவ்வாய்க்கிழமைக்கு நாள் எடுத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நாலு பேரைக் கேட்டுப் பார்த்திருக்கிறார், கத்துகிற முப்பத்திரண்டு வயதுக் கிளியை ஆர் எடுப்பார்கள்? சின்னவயதில் அவரையும் கடித்திருக்கிறதாம். மலர் என்னிடம் வந்து நின்றாள். அது அவர்களுடைய கிளி பிள்ளை, நாங்கள் என்ன செய்கிறது என்றேன். “கத்துது, ஒருத்தருக்கும் தேவையில்லை எண்டால் முடிச்சுப் போடலாமோ அப்பா?” என்று கேட்டாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன். உண்மையில் எனக்கும் அதை எடுக்கத் துணிவில்லை. காரணம் இரைச்சல் அல்ல. இந்தச் சாதி எழுபது வருடம் இருக்கும். அதை அவுஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோக விடமாட்டார்கள், எங்கள் ஊருக்கும் கொண்டுவர ஏலாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை எடுத்தால் அது இருக்கிற இடத்தில்தான் நாங்களும் இருக்க வேண்டும்.

“மிஸ்டர் பேர்க்கின்ஸிட்டை ஒருக்கால் காட்டவேணும். அவர் சொல்லட்டும்” என்றாள். ஆவணி முதலாம் திகதி சனிக்கிழமை, கூட்டைப் பெட்சீற்றால் மூடி, காரின் பின் சீற்றில் வைத்து, பாபகூராவுக்குப் போனோம். பறவைகளை உள்ளே விட முடியாது என்று இல்லத்துக்குப் பொறுப்பான மேட்றன் சொன்னார். அப்படியென்றால் அவரை வெளியே கூட்டிவருவீர்களா, பத்து நிமிடம் போதும் என்று மலர் கேட்டாள். கேட்ட முறையில் அந்த அம்மாவால் மறுக்க முடியவில்லை.

தோட்டத்தில் நல்ல குளிர்காற்று. மிஸ்டர் பேர்க்கின்ஸைச் சக்கர நாற்காலியில் கம்பளி போர்த்துக் கொண்டுவந்தார்கள். கிறஹாமும் வந்து நின்றார். மலர் பெட்சீற்றை எடுத்துக் கூட்டைத் திறந்தாள். பேர்ட்டி அந்தக் கிழவரைப் பார்த்தது. கொண்டையை விரித்தது. பிறகு திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துவிட்டது. எட்டு மாதம் எங்கே போனாய் என்ற கோபம்! கிழவர் பாதி வாயால் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அது மெல்ல இறங்கி நாற்காலிக் கைப்பிடிக்கு வந்தது. அவர் இடது கையால் அதன் நெஞ்சைத் தடவினார். இறகு அகப்பட்டதும் கை நின்றுவிட்டது. ஆர் செய்தது என்று கேட்டார்.

மலர் சொன்னாள். என்ன சாப்பாடு, எப்போது தண்ணீர் வார்ப்பது, எதற்குப் பயப்படும், எப்போது தனியே விட வேண்டும், எல்லாம். ஒரு தடவைகூட நிலத்தைப் பார்க்கவில்லை. நீர் வகுப்பில் நின்று பாடம் எடுக்கும்போது ஒரு கையை மடித்து வைத்திருப்பீரே, அதே மாதிரி நின்றாள். அந்தப் பத்து நிமிடமும் நீர் அங்கே நின்றிருக்க வேண்டும் ரதி.

கிழவர் ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துக் கேட்டார். உனக்கு என்ன வயது? பதின்னாலு என்றாள். இது இன்னும் முப்பது வருடம் இருக்கும், நாற்பதும் இருக்கலாம், அப்போது நீ எங்கே இருப்பாய் என்று கேட்டார்.

வேறு பிள்ளை என்றால் உடனே ஒரு பதில் சொல்லிக் கிளியை வாங்கியிருக்கும். மலர் அப்படிச் செய்யவில்லை. அதை நான் மட்டும் சொல்ல முடியாது என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். “அப்பா, நாங்கள் எங்கை இருப்பம்?”

ரதி, டெலிவிஷனில் அந்த இந்திய-இலங்கை ஒப்பந்தச் செய்தியைப் பார்த்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று இங்கே எங்கள் சனம் ஆளுக்காள் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்த நேரம். ஊருக்குப் போக விமான ரிக்கற் விலை விசாரித்தவர்களும் உண்டு. நானும் அதை யோசிக்காமல் இருக்கவில்லை. அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். “இஞ்சைதான் பிள்ளை” என்றேன். பிறகு அந்தக் கிழவருக்கு, நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இடது கையை நீட்டினார். நான் பிடித்தேன். கிறஹாம் செவ்வாய்க்கிழமை ஏற்பாட்டை அங்கிருந்தே ரெலிபோனில் நிற்பாட்டினார்.

உம்மைக் கேட்காமல் சொன்ன சொல் அது. மகள் என்னைக் கேட்காமல் ஓம் சொன்னதற்கு நான் ஏசினேன். அதைவிடப் பெரிய வேலையை நான் செய்துவிட்டு, இத்தனை கிழமையாக எழுதத் துணிவில்லாமல் இருந்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மன்னார் ஆட்கள், தச்சுவேலை செய்கிற சிறிலும் மனைவி பேர்ணடெட்டும், ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேரே எங்களிடம் வந்தார்கள். பெரிய கூட்டுக்கான படம் நான் கீறிக் கொடுத்தேன். பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், ஏழடி உயரம். பின்வளவில் கூடு எழும்பியது. கம்பிவலை அடித்து முடிந்ததும் நான் பேர்ட்டியை விடப் போனேன். மலர் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். புதுக் கம்பியில் பூசியிருக்கிற சிங்க் என்கிற நாக உலோகம் கிளியின் வயிற்றுக்குள் போனால் செத்துப்போகுமாம். வினாகிரி விட்டு, பிரஷ்ஷால் ஒவ்வொரு சதுரமாக நாலு பேரும் தேய்த்தோம். சிறில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, அண்ணை, உங்களுடைய மகள் பெரிய கட்டடக் கொந்துறாத்துக்காரர்களையே வேலை வாங்குவாள் என்றார். வேலை தொடங்க முன்னமே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு மலர் தானே கடிதம் எழுதியிருந்தாள். அயலாருக்கு இடைஞ்சல் வராமல் காலை ஏழு மணிவரை கூட்டை மூடி வைப்பேன் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. மாதம் ஒரு தடவை பாபகூராவுக்குப் போய் அவருக்குக் கிளியைக் காட்டிவிட்டு வருகிறோம். முதுகு காட்டுகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். தைக்கு நாங்கள் வரவில்லை ரதி.

இரண்டு வருடம் என்று சொல்லித்தான் பிள்ளையை என்னோடு அனுப்பினீர். மாமா படுக்கையில் இருக்கும்வரை உம்மை வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. இப்போது மாமா இல்லை. வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, உப அதிபர் கதிரை இருக்கிறது. அந்தக் கதிரை உமக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். இங்கே அப்படி ஒன்று கிடைக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். முதலில் கஷ்டப்படுவீர். நானும் பட்டேன். ஆனால் உமது மகள் ஆளாகிக்கொண்டு வருகிறாள், அதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை. பெருமைப்படுகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நீர் இல்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு அதுதான் நடக்கிறது.

இதோடு விசாப் படிவம் வைத்திருக்கிறேன். நீர் கையெழுத்து வைக்க வேண்டிய மூன்று இடங்களிலும் பென்சிலால் சின்னப் புள்ளடி போட்டிருக்கிறேன். இரண்டு போட்டோவும் வேண்டும், காது தெரிய எடுக்கச் சொல்கிறார்கள். யோசிக்க நாள் எடும், ஆனால் கனநாள் எடுக்க வேண்டாம். வீட்டைப் பூட்டித் திறப்பை ஆரிடம் கொடுப்பது என்பதை நீரே முடிவு செய்யும், நான் தலையிட மாட்டேன்.

அங்கே சமாதானம் நிலைக்க வேண்டும் என்றுதான் நானும் காலையும் மாலையும் கும்பிடுகிறேன். முருகன் உம்மைக் காப்பாற்றட்டும். அது நிலைத்தாலும் நீர் வாரும் ரதி.

உமது வரவை எதிர்பார்த்தபடி,
கதிர்காமநாதன்